கிணற்றுப் பாடத்துக்கு நான் வைத்த கையெழுத்து

அந்த நிறுவனத்தின் வெள்ளை வான் எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோது நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். வருடா வருடம் நான் செய்விக்கிற வேலை அது. பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அரைப் போத்தல் கொண்டு வருவார்கள். சோடாப் போத்தல், சோஸ் போத்தல், எது அகப்படுகிறதோ அது. ஒருவன் தகப்பனின் சவரக் கிண்ணத்தில் கொண்டுவந்து பாதி வழியிலேயே ஊற்றிப்போட்டான். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் சிநேகிதி ஒருத்தி எனக்குப் பரிசோதனைக் கடதாசித் துண்டுகள் கொஞ்சம் தருவாள். தண்ணீரில் தோய்த்தால், அதில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தத் துண்டு சிவக்கும். அதே நிறத்தில் ஒரு பொட்டு வெட்டி, சுவரில் தொங்கும் ஊர்ப் படத்தில் அந்தந்த வீட்டின் மேல் ஒட்டுவோம்.

வெங்காயத்துக்குப் போடுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாக மாறி, சிவப்பு மண்ணுக்குள்ளால் இறங்கி, சுண்ணக்கல்லுக்குள்ளால் வடிந்து கிணற்றுக்கு வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. பெரியவர்களில் உடனே ஒன்றும் காட்டாது. ஆனால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க மாட்டாமல் போய், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இதை நான் தோட்டக்காரர்களைப் பழித்துச் சொல்லவில்லை. என் அப்பாவும் வெங்காயம் செய்தவர்தான். அந்த வெங்காயத்தில்தான் நான் பட்டதாரியானேன். கிணற்றுக்குள் என்ன இறங்குகிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அந்த வெள்ளை வானில் வந்தது உரமும் பூச்சி மருந்தும் விற்கிற கொழும்புக் கொம்பனி ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தண்ணீர் வடிகட்டும் இயந்திரம், ஒரு ஸ்மார்ட் போர்ட், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் இலவசமாகச் சுற்றாடல் செயல்நூல். மூன்றும் ஒரே பொட்டலம். ஒன்றை வேண்டாம் என்று மற்றதை எடுக்க முடியாது. அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் விளங்கியது.

அதிபரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களுடையது சின்னப் பள்ளிக்கூடம். வருடம் போகப் போகப் பிள்ளைகள் குறைகிறார்கள். வசதி உள்ளவர்கள் வான் பிடித்துப் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்ற கதை இரண்டு வருடமாக ஓடுகிறது. அந்த மனிசன் ஒவ்வொரு தை மாதமும் முதலாம் வகுப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று வாசலில் நின்று எண்ணுவார். எண்ணி முடிந்து உள்ளே வரும்போது அவருடைய முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கொம்பனியிலிருந்து வந்த அலுவலர் இளம் பொடியன். பருத்தித்துறைப் பக்கத்துக்காரன், நல்ல மரியாதை. சுவரில் இருந்த எங்கள் ஊர்ப் படத்தை நெடுநேரம் பார்த்தான்.

"வடிவாச் செய்திருக்கிறியள் மிஸ். ஒரு படம் எடுக்கலாமோ?"

"எடுங்கோ. கொழும்புக்கும் கொண்டுபோய்க் காட்டுங்கோ," என்றேன்.

அவன் சிரித்தான், படமும் எடுத்தான். அடுத்த கிழமை ஸ்மார்ட் போர்டைச் சுவரில் பூட்ட ஆட்கள் வந்தார்கள். யன்னல் இல்லாத சுவர் அந்த வகுப்பில் ஒன்றே ஒன்றுதான். ஊர்ப் படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தார்கள். கழற்றச் சொல்லி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே ஆடித் தீர்த்திருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை. இடம் தேவைப்பட்டது, கழற்றினார்கள். யாரோடு சண்டைக்குப் போவது?

புது வருடம் தொடங்கப் புத்தகங்கள் வந்தன. சும்மா சொல்லக்கூடாது, புத்தகம் அப்படி ஒரு அழகு. பளபளக்கிற தாள், கலர் படம். பிள்ளைகள் தாளை முகர்ந்து முகர்ந்து பார்த்தார்கள். நான் கிணற்றுப் பாடத்தைத் தேடி எடுத்தேன். கிணறு எப்படியெல்லாம் மாசடையும் என்று ஒரு பட்டியல். மலசலகூடம், உக்கிய இலை, கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுத் தோய்ப்பது. காகம் எச்சமிடுவது கூட இருந்தது. உரம் இல்லை. கீழே தடித்த எழுத்தில், நிறமும் மணமும் இல்லாத தெளிந்த கிணற்று நீர் பருக உகந்தது, ஐயமிருந்தால் கொதிக்க வைத்துப் பருகுக என்று போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனேன். அலுவலரும் அங்கே இருந்தான். மேசையில் ஒரு படிவம். பாட ஆசிரியர் நூலைப் பரிசீலித்துப் பாவனைக்கு ஏற்றுக்கொள்கிறார் என்று அச்சடித்து, கீழே என் பெயருக்குப் புள்ளிக்கோடு. புத்தகங்களைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு முடித்த பிறகுதான் பரிசீலனை!

"தம்பி, இந்த வசனம் பிழை. நைத்திரேற்று கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைச்சாலும் போகாது. இதை எடுக்க வேணும்," என்றேன்.

அவன் குனிந்து வாசித்தான். முகம் கொஞ்சம் மாறியது. "ஓம் மிஸ், நான் மேலை அறிவிக்கிறன். அடுத்த பதிப்பிலை கட்டாயம் பாப்பம். இப்ப அடிச்சு முடிஞ்சுதே மிஸ்."

"அடுத்த பதிப்பு வரைக்கும் உந்த விசர்க்கதையைத்தான் நான் படிப்பிக்கிறதோ?"

அதிபர் கையைக் காட்டி என்னை இருத்தினார். "ரீச்சர், ஒரு வசனந்தானே. அரசாங்கப் புத்தகத்திலையே எத்தினை பிழை திருத்தியிருக்கிறியள்? வழமை போலை வகுப்பிலை வாயாலை சொல்லிக் குடுங்கோவன். பிள்ளையள் பேனையாலை வெட்டிப்போட்டு எழுதட்டும்."

அதில் உண்மை இருந்தது. பிழையான புத்தகம் எங்களுக்குப் புதிது இல்லை. வேறு மொழியில் எழுதி அவசரமாகத் தமிழுக்கு மாற்றிய பாடநூல்களில் விடைகள் மாறிக் கிடக்கும், படத்தில் ஈரல் என்று காட்டிய இடத்தில் இரைப்பை இருக்கும். வருடம் தொடங்கினால் முதல் வேலை, பேனையை எடுங்கோ, இத்தனையாம் பக்கத்தைத் திறவுங்கோ, வெட்டிப்போட்டு நான் சொல்லுறதை எழுதுங்கோ என்பதுதான். இந்தப் பக்கத்து ஆசிரியர்கள் எல்லாரும் இதைக் காலையில் டாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுவது போலச் செய்கிறோம். பிழையை அனுப்பினவனோடு மல்லுக்கட்டிய ஆள் எங்களில் ஒருவரும் கிடையாது. பிழை வரும், நாங்கள் திருத்துவோம். அப்படியே பழகிவிட்டோம். நானும் அந்தப் பழக்கத்தில்தான் கையெழுத்து வைத்தேன். வைத்துவிட்டு வெளியே வந்தபோது, தண்ணீர் இயந்திரத்தை இறக்கிப் பூட்டச் சொல்லி அதிபர் ஆட்களுக்குக் கைகாட்டுவது தெரிந்தது.

பிறகு, புதுப் புத்தகத்தையும் ஸ்மார்ட் போர்டையும் வைத்து ஒரு பாடம் நடத்துவதைப் படம்பிடிக்க வேண்டும் என்றார்கள். எந்தப் பாடம் வேண்டும் என்றும் அவர்களே சொன்னார்கள். கிணற்றுப் பாடம். கிணற்றுப் படம் பெரிதாகத் தெரியும்போது நன்றாக இருக்குமாம்.

அன்று பிள்ளைகள் மடிப்புக் கலையாமல் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வாங்கில் அலுவலர், பக்கத்தில் கமராக்காரன், கதவடியில் அதிபர். முன்வரிசையில் இருந்த பிள்ளையை எழும்பி வாசிக்கச் சொன்னேன். அவளுக்குக் குரல் நல்ல கணீரென்றிருக்கும், எழுத்துக்கூட்டித் தடக்க மாட்டாள். தடித்த எழுத்து வசனத்தை வாசித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்பது போல என்னைப் பார்த்தாள். பேனையை எடுங்கோ என்று நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். கமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதிபர் இரண்டு கையையும் கோத்துப் பிடித்தபடி நின்றார்.

"அடுத்த பந்தியை வாசியுங்கோ," என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குப் பள்ளிக்கூட இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி. அதற்கடுத்த நாள் எனக்கு நகரத்தில் கருத்தரங்கு. பிறகு அடுத்த அலகு தொடங்கியாயிற்று. திரும்பிப் போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தது. படம் எடுக்கும்போது சொல்லாமல் இப்போது ஏன் சொல்கிறாய் என்று பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்தான், எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். வெளியே இயந்திரத்தடியில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்று குளிர்ந்த தண்ணீர் குடித்தார்கள். அதிபர் அதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னால் கெட்டுப்போகக்கூடாது என்றும் இருந்தது. கடைசியில் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். இதுகள் பள்ளிக்கூடத்திலேயே புத்தகத்தைத் திறக்க அழுகிற சென்மங்கள், வீட்டில் போயா வாசிக்கப் போகின்றன?

முதலாம் தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் போட்டவளும் நான்தான். உங்கள் வீட்டுக் கிணற்று நீர் பருக உகந்ததா, காரணம் தருக என்று ஒரு வினா. பழைய வருடங்களில் கேட்டு வந்த வினா, கை பழக்கத்தில் எழுதிவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வீட்டில் இருந்து விடைத்தாள் திருத்தினேன். முதல் தாள், உகந்தது, நிறமற்றது மணமற்றது. இரண்டாவது தாளும் அப்படியே. மூன்றாவதும். சரி போட்டேன். புத்தகத்தில் இருப்பதை எழுதிய பிள்ளைக்குப் பிழை போட எனக்கு எந்த முகம் இருக்கிறது? சரி, சரி, சரி என்று சிவப்புப் பேனை ஓடிக்கொண்டே போனது. பிறகு கணீர்க் குரல்காரியின் தாள் வந்தது.

அவள் அழகாக எழுதியிருந்தாள். எங்கள் கிணற்று நீர் தெளிவானது, ஆகவே உகந்தது. முன்பு அம்மா தம்பிக்குப் பால் கரைப்பதற்குப் பிரதேச சபையின் குடிநீர்த் தாங்கியிலிருந்து தண்ணீர் எடுத்து வருவார். நான் பாடத்தை வாசித்துக் காட்டினேன். இப்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கரைக்கிறோம். அம்மாவுக்கு நடை மிச்சம்.

பேனையை வைத்துவிட்டு எழும்பினேன். அவள் வீடு இருக்கும் அந்த ஒடுங்கிய தெரு, அந்த ஒழுங்கை, எனக்குத் தெரியும். போன வருடம் நாங்கள் ஒட்டிய பொட்டுகளில் அந்த ஒழுங்கைப் பொட்டுகள்தான் கடும் சிவப்பு. அவள் வீட்டுத் தொலைபேசி இலக்கம் என்னிடம் இல்லை. அதிபருக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"பதறாதேங்கோ ரீச்சர். நம்பர் எழுதின இடாப்பு பள்ளிக்கூடக் கந்தோருக்குள்ளை பூட்டிக் கிடக்கு. திங்கட்கிழமை தாயைக் கூப்பிட்டுக் கதைப்பம்."

"திங்கட்கிழமை வரைக்கும் அந்தப் பிள்ளை பால் குடியாதோ சேர்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

ஹெல்மெட்டும் போடவில்லை. பலாலி வீதியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் இடையில் ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. கடவுளே, கடவுளே என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு போனது. அந்தப் பாடத்தைப் படிப்பித்து எத்தனை கிழமை என்று எண்ணப் பார்த்தேன். எண்ண எண்ணப் பயம் கூடியது, எண்ணாமல் விட்டேன்.

அவர்கள் வீட்டில், சமைக்கிற குசினிச் சுவர் வரைக்கும் வெங்காயத் தாள் பச்சையாக நின்றது. தாய் இளம் பெண். முற்றத்தில் கதிரையில் இருந்து, மடியில் கிடந்த குழந்தைக்குப் போத்தலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"என்ன ரீச்சர் இந்த நேரம்? இவள் ஏதும் குழப்படியோ?"

"போத்தலை எடுங்கோ. முதல் போத்தலை வாயிலையிருந்து எடுங்கோ."

எடுத்தாள். குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. மூன்று மாதம் இருக்கும். நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன், உரம், கிணறு, கண்ணுக்குத் தெரியாதது, குழந்தையின் இரத்தம்.

"நான் நல்லாக் கொதிக்க வைச்சனான் ரீச்சர். ரெண்டு தரம் கொதிக்க வைச்சனான்."

"கொதிச்சால் தண்ணிதான் வத்தும் பிள்ளை. உது வத்தாது. மிஞ்சின தண்ணியிலை இன்னும் கூடத்தான் நிக்கும்."

அவள் போத்தலைப் பார்த்தாள். "புத்தகத்திலை கிடக்கெண்டு இவள் வாசிச்சுக் காட்டினவளே."

"புத்தகம் பிழை."

"அது உங்களுக்கு எப்ப தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவளும் நம்பியிருப்பாள். குசினி வாசலில் மகள் நின்றாள், பரீட்சை முடிந்த சந்தோசத்தில் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியிருந்தாள்.

"படிப்பிக்க முதலே தெரியும்," என்றேன்.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"பயந்திட்டன்."

அவள் கத்துவாள் என்று நின்றேன். கத்தினால் எனக்குப் பழக்கம், கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குழந்தையை வெளிச்சத்துக்குத் தூக்கி உதட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து நகம் பார்த்தோம். ஒரு முறை நீலமாகத் தெரிந்தது, ஒரு முறை தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விடுவோம், ஓட்டோவுக்குச் சொல்லுங்கோ என்றேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அடுத்த கிழமை நான் என் கையெழுத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் கொடுத்தேன், புத்தகங்களைச் சேர்த்துக் கட்டி அறைக்குள் வைத்தோம், அதிபர் என்னோடு இன்னும் சரியாகக் கதைப்பதில்லை. ஆனால் அந்த முற்றத்தில் நின்றபோது எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

தாய் ஓட்டோக்காரருக்குப் போன் எடுத்தாள். பேசி முடிந்ததும் திடீரென்று வாயில் கையை வைத்தாள்.

"ஐயோ! முன்வீட்டிலையும் ஒரு கைப்பிள்ளை. இவள்தான் அங்கையும் போய் வாசிச்சுக் காட்டினவள்."

குழந்தையை என் கைகளில் திணித்துவிட்டு, செருப்பும் போடாமல் ஒழுங்கைக்கு ஓடினாள். நான் கதிரையில் இருந்தேன். பாதியில் பறித்த பாலுக்காக அவன் கால்களை உதைத்து உதைத்து அழுதான். வாய் என் சேலையைத் தேடியது. கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மகள் மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள். அந்தக் கணீர்க் குரல் எங்கே போனதோ, காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"தம்பிக்கு ஏதும் நடந்தால் அது நான் வாசிச்சதாலையோ ரீச்சர்?"

"இல்லையம்மா. நான் சொல்லாததாலை."

அவள் நம்பவில்லை. தம்பியின் சின்ன விரலைப் பிடித்து, திரும்பவும் நகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.